ஸ்லைடிலிருந்து லைட்பாக்ஸ் படம்: கறுப்பு செங்கல் நிறத்தில், மற்றதெல்லாம் நீலப்பச்சை

பென்னாகரம்_ரோடு:

வணக்கங்க. தர்மபுரி டவுனில் டார்க்ரூம். 35 மி.மீ. ஈ-6 ஸ்லைடை (பாசிட்டிவ் கலர் ஃபிலிம்) என்லார்ஜரில் (படத்தைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் கருவி) வைத்து, லைட்பாக்ஸில் மாட்டுகிற மாதிரி 8×10 அங்குலப் படம் போட வேண்டும். ஸ்கேன் செய்து பிரிண்டருக்கு அனுப்பும் வழி வேண்டாம், ஒளியிலிருந்து நேராக ஒளிக்கு. ஸ்லைடுகள் இரண்டு ரகம். ஒன்று உச்சி வெயிலில் ஒகேனக்கல் அருவி. இன்னொன்று அகழ்வைப்பகத்து நடுகற்கள், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தவை.

மெட்டீரியல்: ஆர்.ஏ-4 (கலர் பேப்பர் கழுவும் முறை) டிஸ்பிளே ஃபிலிம், பால்வெள்ளை பாலியஸ்டர், ரோலிலிருந்து வெட்டியது. என்லார்ஜர் கலர் ஹெட், 12 வோல்ட் 100 வாட் ஹாலோஜன் பல்பு. எஃப்/8, 20 விநாடி, ஃபில்டர் 40 மஞ்சள், 30 மெஜெந்தா.

செய்முறை: கறுப்பு வெள்ளை பேப்பர் டெவலப்பர் 1+3, 2 நிமிடம், குழாயில் வருகிற சூட்டிலேயே (மதியம் 31 டிகிரி). பிறகு ஸ்டாப் பாத், ஒரு அலசல், டியூப்லைட்டில் 30 விநாடி, கலர் டெவலப்பர் 35 டிகிரியில் 45 விநாடி, பிளிக்ஸ் (பிளீச்சும் ஃபிக்சரும் சேர்ந்த மருந்து) 45 விநாடி, கழுவல். அறையில் வழக்கமான சிவப்பு சேஃப்லைட் 2 மீட்டர் தள்ளி எரிகிறது.

வந்தது இது: கறுப்பாக இருக்க வேண்டிய ஓரம் செங்கல் நிறம். படத்தின் நடுப்பகுதி முழுக்க நீலப்பச்சை. அருவியின் வெள்ளை நுரை அழுக்கு மஞ்சள். நடுகல்லில் நிழல் பக்கம் எழுத்தே தெரியவில்லை. மஞ்சள் ஃபில்டரை 40-லிருந்து 20-க்குக் குறைத்தேன், இன்னும் மோசம். எங்கிருந்து தொடங்குவது?

—

ஓசூர்_பேருந்து_நிலையம்:

முதல் வேலை அந்தச் சிவப்பு லைட்டை அணைப்பதுங்க. கறுப்பு வெள்ளை பேப்பருக்குச் சிவப்பு தெரியாது. கலர் பேப்பருக்குச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தெரியும். ரிவர்ஸலில் (ஸ்லைடிலிருந்து நேராகப் பாசிட்டிவ் எடுக்கும் இந்த முறையில்) முழு இருட்டு, பேச்சுக்கே இடமில்லை. டைமரின் சிவப்பு எண்கள், ஸ்டெபிலைசர் மேல் எரியும் குட்டி எல்.இ.டி., சார்ஜர் புள்ளி எல்லாவற்றையும் கறுப்பு டேப் போட்டு ஒட்டுங்கள். கதவிடுக்கு வெளிச்சத்தைக் கண்டுபிடிக்க உள்ளே 10 நிமிடம் சும்மா உட்கார்ந்தால் போதும், கண் பழகியதும் அதுவே காட்டிக் கொடுக்கும்.

காரணம் புரிந்தால் மற்றதும் புரியும். நெகட்டிவ் பிரிண்டில் கசிவு வெளிச்சம் பட்டால் வெள்ளை அழுக்காகும். ரிவர்ஸலில் கறுப்பு என்பது ஒளியே படாத இடம். அங்கே கசிவு பட்டால் முதல் டெவலப்பர் (உங்கள் கறுப்பு வெள்ளை டெவலப்பர்) அந்த இடத்து வெள்ளி உப்பையும் வெள்ளியாக்கிவிடும், பிறகு நிறம் உண்டாக அங்கே உப்பு மிச்சமிருக்காது. சிவப்பு ஒளி சிவப்புணர் அடுக்கைத் தொட்டால் அந்த அளவு சயான் (நீலப்பச்சை) சாயம் குறையும். சயான் குறைந்த கறுப்பு செம்பழுப்பாகத்தான் தெரியும். சுருக்கமாக, கசிந்த ஒளி எந்த நிறமோ அந்த நிறம் கறுப்பில் ஏறும். பச்சை எல்.இ.டி. என்றால் பச்சைக் கறுப்பு. ரோலை வேகமாக உருவி ஸ்டாடிக் தீப்பொறி தெறித்தால் மரக்கிளை மாதிரி நீலக்கோடு.

ஆகவே உங்கள் படத்தில் இரண்டு தனித்தனிக் கோளாறு, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில். கறுப்பில் சிவப்பு என்பது கசிவு. நடுப்பகுதியில் நீலப்பச்சை என்பது ஃபில்டர். ஃபில்டரை எவ்வளவு திருகினாலும் ஓரத்துக் கறுப்பு மாறாது, ஏனென்றால் அந்த இடத்துக்கு லென்ஸ் வழியாக ஒளியே வரவில்லை. இதைப் பிரித்துப் பார்க்காமல் டயலைத் திருகினால் ஒரு பாக்கெட் ஃபிலிம் காலியாகும், பதில் வராது.

ஸ்லைடை எடுத்து ஓரமாக வையுங்கள். 5 செ.மீ. அகலத்தில் ஐந்து துண்டு வெட்டுங்கள். முதல் துண்டைப் பெட்டியிலிருந்து நேராக முதல் டெவலப்பரில் போடுங்கள். இரண்டாவதை என்லார்ஜரை அணைத்து ஈசலில் (என்லார்ஜருக்குக் கீழே தாளைப் பிடிக்கும் சட்டம்) 3 நிமிடம் கிடத்துங்கள். மூன்றாவது அதே ஈசலில், லென்ஸுக்கு மூடி போட்டு விளக்கை 1 நிமிடம் எரியவிட்டு; ஹெட்டின் காற்றுத் துளையில் கசிந்து சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியை இது பிடிக்கும். நான்காவது ட்ரே பக்கத்தில் 3 நிமிடம். இந்த நான்கும் ஒரே மாதிரி, நிறச்சாயல் இல்லாத அடர் கறுப்பாக வர வேண்டும். எது மாறுகிறதோ கசிவு அந்த இடத்தில். நான்குமே ஒரே மாதிரி பழுப்பாக வந்தால் குற்றம் அறையில் இல்லை: ஃபிலிம் பழையது, இல்லை முதல் டெவலப்பரின் சூடு, இல்லை கலர் டெவலப்பருக்கு நேரம் பத்தவில்லை.

ஐந்தாவது துண்டை டியூப்லைட் வெளிச்சத்தில் நன்றாகக் காட்டிவிட்டு அதே மருந்தில் போடுங்கள். இது பளிச்சென்ற வெள்ளையாக வர வேண்டும். உங்களுக்கு வராது என்றே நினைக்கிறேன். 1+3-இல் 2 நிமிடம் இந்த ஃபிலிமுக்குப் போதாது. ஒளி ஒரே தடவை ஊடுருவிப் போகும் மெட்டீரியல் என்பதால் சாதா பேப்பரைவிட இதில் எமல்ஷன் (ஒளியுணர் பூச்சு) கனம். அதனால்தான் சாதாரண ஆர்.ஏ-4 முறையிலேயே பேப்பருக்கு 45 விநாடி, இதற்கு 110 விநாடி. நீல உணர் அடுக்கு எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பதால் மருந்து அங்கே கடைசியாகப் போய்ச் சேரும். அது அரைகுறையாக நின்றால் மிச்ச உப்பெல்லாம் மஞ்சள் சாயமாக மாறும். உங்கள் நுரையின் அழுக்கு மஞ்சளுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

தொடக்கத்துக்கு ஒரு அளவு. டி-72 வீட்டிலேயே கலக்கலாம்: மெட்டால் 3 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 45 கிராம், ஹைட்ரோகுவினோன் 12 கிராம், நீரற்ற சோடியம் கார்பனேட் 68 கிராம், பொட்டாசியம் புரோமைடு 2 கிராம், எல்லாம் சேர்த்து 1 லிட்டர். 50 டிகிரி வெந்நீர் அரை லிட்டரில் இதே வரிசையில், ஒன்று முழுதும் கரைந்த பிறகே அடுத்தது. மெட்டாலுக்கு முன்னால் ஒரு சிட்டிகை சல்ஃபைட் மட்டும் போடலாம். முழு சல்ஃபைட்டையும் முதலில் கொட்டினால் மெட்டால் கரையாமல் மிதக்கும். இந்த ஸ்டாக்கை 1+1 நீர்த்து, 24 டிகிரியில் 3 நிமிடம், ட்ரேயை விடாமல் ஆட்டிக்கொண்டே. வெள்ளைத் துண்டு இன்னும் அழுக்கென்றால் அரை நிமிடம் கூட்டுங்கள். கறுப்புத் துண்டு வெளிற ஆரம்பித்தால் அதுதான் எல்லை. அதற்கு மேல் நேரத்தைக் கூட்டாமல் 10 சதவீதப் பொட்டாசியம் புரோமைடு கரைசல் லிட்டருக்கு 10 மி.லி. சேர்த்துப் பாருங்கள்.

ஸ்டாப் பாத் 2 சதவீத அசிட்டிக் அமிலம், 30 விநாடி. மளிகைக் கடை வெள்ளை வினிகரைச் சரிபாதி தண்ணீர் விட்டால் கிட்டத்தட்ட அதே பலம். அதன் பிறகு ஓடும் தண்ணீரில் குறைந்தது 2 நிமிடம் கழுவல். ஒரு அலசல் போதாது. கறுப்பு வெள்ளை டெவலப்பர் மிச்சம் ஒட்டிக்கொண்டு கலர் டெவலப்பருக்குள் போனால், அது சாயம் இல்லாத வெள்ளியாக்கிவிட்டுப் போய்விடும். அந்த இடம் திட்டுத்திட்டாக வெளிறும்.

மறு ஒளிபாய்ச்சல் (நீங்கள் டியூப்லைட்டில் காட்டினது) கழுவின பிறகுதான். அறை விளக்கு எல்லாவற்றையும் போடலாம், அதன் பிறகு வேலை முழுக்க வெளிச்சத்திலேயே. இரு பக்கமும் தலா 1 நிமிடம், பல்பிலிருந்து 30 செ.மீ. இங்கே கூடுதலாகக் காட்டினால் கெடுதல் ஒன்றுமில்லை, குறைந்தால்தான் கறுப்பு போய்விடும். கலர் டெவலப்பருக்கும் இதே கணக்கு. மிச்சமிருக்கும் உப்பு முழுதும் நிறமாக வேண்டும், அதனால் 35 டிகிரியில் 3 நிமிடம் தாராளமாக விடுங்கள். 45 விநாடியில் எடுத்ததும் உங்கள் கறுப்பு மெலிந்ததற்கு ஒரு காரணம். மறுபடி ஒரு ஸ்டாப், ஒரு அலசல், பிறகு பிளிக்ஸ் 2 நிமிடம். பிளிக்ஸ் ஒரு சொட்டு டெவலப்பர் ட்ரேயில் விழுந்தாலும் அந்த டெவலப்பரைக் கொட்டிவிடுங்கள்.

கலர் டெவலப்பரில் இருக்கும் சி.டி.-3 தோலுக்கு ஆகாது, நாளாக ஆக அலர்ஜி பிடித்துக்கொள்ளும். நைட்ரில் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

—

மாங்கனி_கிருஷ்ணகிரி:

மேலே சொன்ன துண்டுகள் சரியாக வந்த பிறகு படிக்க வேண்டியது இது. அதற்கு முன் ஃபில்டரைத் தொட வேண்டாம்.

ஆர்.ஏ-4 மெட்டீரியல் செய்யப்பட்டது சி-41 (சாதாரணக் கலர் ஃபிலிம்) நெகட்டிவுக்கு. அந்த நெகட்டிவின் அடித்தளமே ஆரஞ்சு. அந்த ஆரஞ்சு வழியில் இருக்கும் என்று கணக்குப் போட்டே நீலத்துக்கும் பச்சைக்கும் உணர்திறனைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். ஸ்லைடில் ஆரஞ்சு இல்லை. ஆகவே நீலமும் பச்சையும் அளவுக்கு மேல் பாய்ந்து, மஞ்சள் சாயமும் மெஜெந்தா சாயமும் குறைந்து, மீதி நிற்பது சயான். உங்கள் நீலப்பச்சை இதுதான். மஞ்சளை 20-க்குக் குறைத்ததும் நீலம் இன்னும் கூடியது, மோசமாகாமல் என்ன செய்யும்.

டயலில் மட்டும் இதைச் சரிக்கட்டப் பார்த்தால் பல ஹெட்டுகளில் எண் தீர்ந்துவிடும். சுலபமான வழி: படமெடுக்காமல் கழுவின சி-41 ஃபிலிம் துண்டு ஒன்று, ஃபிலிம் கழுவும் லேபில் கேட்டால் ரோல் நுனி கொடுப்பார்கள். அதை ஃபில்டர் டிராயரில், ஒளி கலக்கும் பெட்டிக்கு மேலே வையுங்கள். ஸ்லைடோடு சேர்த்து வைத்தால் அதிலுள்ள கீறலெல்லாம் படத்தில் ஃபோகஸாகும். பல்புக்கு ஒட்டி வைத்தால் சுருங்கும். இது வந்த பிறகு நெகட்டிவுக்கு நீங்கள் வழக்கமாக வைக்கும் எண்தான் தொடக்கம், சுமார் 50 மஞ்சள், 40 மெஜெந்தா. ஒளி குறையும், எஃப்/5.6-இல் ஆரம்பியுங்கள்.

இனி திருத்தம். நெகட்டிவ் பிரிண்டில் எந்த நிறம் கூடுதலோ அந்த ஃபில்டரைக் கூட்டுவோம். இங்கே தலைகீழ்: படத்தில் மஞ்சள் அதிகம் என்றால் மஞ்சள் ஃபில்டரைக் குறைக்க வேண்டும். மெஜெந்தா அதிகம் என்றால் மெஜெந்தாவைக் குறை. சிவப்பு அதிகம் என்றால் இரண்டையும் சேர்த்துக் குறை. சயான் அதிகம் என்றால் சயான் டயலைத் தொடாமல் மஞ்சள், மெஜெந்தா இரண்டையும் கூட்டு. லேசான சாயலுக்கு 5, கண்ணில் அடிக்கிற சாயலுக்கு 15, 20. வெளிச்சமும் இப்படித்தான். படம் இருட்டாக இருந்தால் எக்ஸ்போஷரைக் கூட்ட வேண்டும். டாட்ஜ் செய்த (ஒளியை மறைத்த) இடம் கறுக்கும், பர்ன் செய்த (கூடுதல் ஒளி கொடுத்த) இடம் வெளுக்கும். நெகட்டிவில் பழகின கைக்கு முதல் வாரம் இது குழப்பும்; டயல் பக்கத்திலேயே ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் நேரத்தை மாற்றாதீர்கள், லென்ஸ் திறப்பை மாற்றுங்கள். 5 விநாடிப் பட்டைக்கும் 40 விநாடிப் பட்டைக்கும் மூன்று அடுக்கும் ஒரே விகிதத்தில் ஈடுகொடுக்காது. நிறம் நகர்ந்துவிடும், நீங்கள் ஃபில்டர் என்று நினைத்துத் துரத்துவீர்கள். 15 விநாடியை நிலையாக வைத்து எஃப்/4, 5.6, 8, 11.

தூசி பற்றி ஒரு வார்த்தை. நெகட்டிவில் தூசி வெள்ளைப் புள்ளி, மை தொட்டு அடைத்துவிடலாம். ஸ்லைடில் தூசி கறுப்புப் புள்ளி, அதை மை வைத்து அடைக்க முடியாது. பின்னொளியில் அருவியின் வெள்ளை நுரைமேல் ஈ உட்கார்ந்த மாதிரி நிற்கும். பங்குனி சித்திரையில் நம் பக்கம் காற்று காய்ந்திருக்கும்போது ஸ்டாடிக்கும் தூசியும் சேர்ந்தே வரும். தரையில் தண்ணீர் தெளித்து, ஈரத்துணி ஒன்று தொங்கவிட்டு, அரை மணி கழித்து ஸ்லைடை மவுண்டிலிருந்து எடுங்கள்.

—

பாலக்கோடு_பிரிவு:

இரண்டு பேரும் மருந்தையும் ஃபில்டரையும் சொல்லிவிட்டார்கள். அதையெல்லாம் கவிழ்க்கிற மூன்று சமாச்சாரம் விட்டுப்போச்சு.

ஈசல் என்ன நிறம்? வெள்ளை அல்லது மஞ்சள் ஈசல் என்றால் பால்வெள்ளை ஃபிலிமை ஊடுருவிப் போன ஒளி ஈசலில் பட்டுத் திரும்பி, பின்பக்கமாக மறுபடி எமல்ஷனை எட்டும். வெளிச்சமான இடங்களைச் சுற்றி ஒளிவட்டம் படரும், பக்கத்துக் கறுப்பு வெளிறும். அடியில் மேட் கறுப்பு அட்டை போடாமல் டிஸ்பிளே ஃபிலிமை எக்ஸ்போஸ் செய்யவே கூடாது. எமல்ஷன் பக்கம் மேலே. இருட்டில் பக்கம் தெரியாவிட்டால் லேசாக ஈரம் தொட்ட விரலை மூலையில் ஒற்றிப் பாருங்கள், ஒட்டுகிற பக்கம் எமல்ஷன்.

அடுத்தது கரண்ட். சாயங்காலம் லைன் 230-லிருந்து 207 வோல்டுக்கு இறங்கினால், அதாவது பத்தில் ஒரு பங்கு, ஹாலோஜன் பல்பின் ஒளி 30 சதவீதம் போல விழும், கூடவே செம்மையும் ஏறும். ரிவர்ஸலில் படம் இருண்டு சிவக்கும். காலையில் பிடித்த ஃபில்டர் எண் ராத்திரி வேலைக்கு ஆகவில்லை என்றால் முதலில் மல்டிமீட்டரைச் சொருகிப் பாருங்கள். ஃப்ரிட்ஜுக்கு வைக்கிற ரிலே ஸ்டெபிலைசர் படிப்படியாகத் தாவும்; எக்ஸ்போஷர் நடுவில் 'டக்'கென்று ஒரு சத்தம் வந்தால் அந்தத் தாள் போச்சு. ஆன்லைன் யு.பி.எஸ். அல்லது சி.வி.டி. (வோல்டேஜை நிலையாக வைக்கும்) டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது தண்ணீர். நம் மாவட்டத்தில் போர் தண்ணீர் என்றால் எல்லோரும் ஃப்ளோரைடு பேசுவார்கள், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். படத்துக்கு ஃப்ளோரைடு பெரிய வில்லன் இல்லை, கடினத்தன்மைதான் வில்லன். கார்பனேட் கலக்கும்போதே சுண்ணாம்பு மாதிரி திரியும். காய்ந்ததும் ஃபிலிம் மேல் வெள்ளை வளையம் நிற்கும். சுவரில் மாட்டும் பேப்பரில் அது கண்ணில் படாது, லைட்பாக்ஸில் ஒவ்வொரு வளையமும் பளிச்சென்று தெரியும். மருந்து கலக்க ஆர்.ஓ. கேன் தண்ணீர். கடைசி முக்கலுக்கு மட்டும் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர் 1 லிட்டர், அதில் வெட்டிங் ஏஜென்ட் சில சொட்டு. இரு பக்கமும் ரப்பர் ஸ்க்வீஜியால் வழித்து ஒரு மூலையில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். ஈரத்தில் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்; காய்ந்த பிறகு, எந்த லைட்பாக்ஸில் மாட்டப் போகிறீர்களோ அதிலேயே வைத்துப் பாருங்கள். மலிவான எல்.இ.டி. பட்டை வைத்த பெட்டியில் சிவப்பு செத்துப்போகும், அதைப் படத்தின் தப்பென்று நினைத்து ஃபில்டரைத் திருகிக்கொண்டிருப்போம்.

24 டிகிரி வேண்டுமென்றால் ட்ரேயைப் பெரிய பேசினில் வைத்து, ஐஸை பிளாஸ்டிக் கவரில் கட்டிப் பேசின் தண்ணீரில் போடுங்கள். மருந்துக்குள்ளேயே ஐஸ் போட்டால் நீர்த்துப்போகும்.

—

பென்னாகரம்_ரோடு:

நன்றிங்க. துண்டுகளின் முடிவு: நேராகப் போட்டது நல்ல கறுப்பு. ஈசலில் கிடந்தது சிவப்பு லைட் அணைத்த பிறகும் லேசான பச்சை, ஸ்டெபிலைசர் எல்.இ.டி.தான், டேப் ஒட்டியதும் போய்விட்டது. வெள்ளைத் துண்டு 3 நிமிடத்தில் மஞ்சள், 4 நிமிடத்தில் சுத்தம், கறுப்பும் நிற்கிறது. ஆரஞ்சுத் துண்டுடன் 55 மஞ்சள், 35 மெஜெந்தாவில் அருவிப் பாறை பாறை நிறத்துக்கு வந்துவிட்டது.

நடுகல்தான் மிச்சம். நிழல் பக்கம் எழுத்து தெரிய எக்ஸ்போஷரைக் கூட்டினால் வெயில் பக்கம் வீரனின் முகமே வெளுத்துப்போகிறது. முதல் டெவலப்பரை இன்னும் நீர்த்தால் கான்ட்ராஸ்ட் குறையுமா? இன்னொன்று: பழைய சிபாக்ரோம் பெட்டி ஒன்று விலைக்கு வருகிறது, இதே மருந்தில் போகுமா?

—

ஓசூர்_பேருந்து_நிலையம்:

நீர்த்தால் கொஞ்சம் குறையும், ஆனால் வெள்ளை மறுபடி மஞ்சளாகும். இப்போதுதான் அதைச் சரி செய்தீர்கள். தட்டையான நெகட்டிவுக்குச் செய்த மெட்டீரியல் இது, ஸ்லைடின் நீண்ட அடர்த்தியை அப்படியே விழுங்காது. மாஸ்க் போட வேண்டும், அதாவது வெளிச்சமான இடங்களை மட்டும் அடக்க ஸ்லைடோடு சேர்த்து வைக்கும் மெல்லிய கறுப்பு வெள்ளை நெகட்டிவ்.

ஐ.எஸ்.ஓ. 100 பான்குரோமேட்டிக் (எல்லா நிறமும் தெரியும்) கறுப்பு வெள்ளை ஃபிலிம் ஒன்று எடுங்கள். ஆர்தோ ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, செம்மண் நிறக் கல்லில் மாஸ்க் சரியாக விழாது. ஸ்லைடின் பேஸ் (எமல்ஷன் இல்லாத) பக்கம் அந்த ஃபிலிமின் எமல்ஷனைப் பார்க்க, நடுவில் மெல்லிய தெளிவான அசிடேட் தாள், மேலே கண்ணாடி. என்லார்ஜர் ஒளியில் மிகக் குறைவாக எக்ஸ்போஸ் செய்து, நீர்த்த டெவலப்பரில் கழுவுங்கள். வெயில் பட்ட இடங்களில் மட்டும் 0.4 அளவு அடர்த்தி, நிழலில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்று வர வேண்டும். கையில் பிடித்துப் பார்த்தால் 'இதென்ன, கெட்டுப்போன நெகட்டிவா' என்று தோன்றுகிற அளவு மெலிசாக இருந்தால் சரி. காய்ந்ததும் ஸ்லைடின் பேஸ் பக்கத்தில் பொருத்தி, ஓரத்தில் டேப் போட்டு, இரண்டையும் சேர்த்தே என்லார்ஜரில் வையுங்கள். அசிடேட் கொடுத்த மங்கல் இருப்பதால் தலைமுடி அளவு விலகினாலும் விளிம்புக்கோடு தெரியாது. எழுத்தின் கூர்மை கூடின மாதிரியே இருக்கும். எக்ஸ்போஷரை ஒன்றேகால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு) போலக் கூட்டுங்கள்.

மாஸ்க் போட்டும் நிழல் இறுகி இருந்தால் ஃப்ளாஷ், அதாவது தாளுக்குப் படமில்லாத வெற்று ஒளி கொஞ்சம். ஸ்லைடை எடுத்துவிட்டு, அதே ஃபில்டர் எண்களோடு, லென்ஸை எஃப்/16-க்கு மூடி 1, 2, 3, 4 விநாடிப் பட்டைகள் ஒரு துண்டில். கறுப்பு வெளிற ஆரம்பிக்கும் பட்டைக்கு முந்தைய நேரம்தான் உங்கள் ஃப்ளாஷ். வேறு ஃபில்டரில் ஃப்ளாஷ் கொடுத்தால் நிழல் முழுக்க அந்தச் சாயல் படியும்.

சிபாக்ரோம் வேறு சாதிங்க. அதில் சாயம் முதலிலேயே எமல்ஷனுக்குள் இருக்கிறது, படம் விழுந்த இடத்துச் சாயத்தை வெளுத்து அழிப்பதுதான் அதன் முறை. ஆர்.ஏ-4 மருந்தில் போட்டால் படம் வராது. அதற்கென்று தனி டெவலப்பர், கடும் அமில பிளீச், ஃபிக்சர் என்று பி-30 கிட் வேண்டும். அந்த பிளீச்சை ஆப்ப சோடா போட்டு நுரை அடங்கும்வரை முறிக்காமல் சாக்கடையில் விடக்கூடாது. 1960-களில் வந்தது, பிறகு இல்ஃபோக்ரோம் என்று பெயர் மாறியது, 2012-க்குப் பிறகு புதிதாக உற்பத்தி இல்லை. ஆகவே இன்று கிடைக்கும் எந்தப் பெட்டியும் பழசு. மருந்தும் சேர்ந்து வந்தால் யோசிக்கலாம், வெறும் தாளுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

—

மாங்கனி_கிருஷ்ணகிரி:

ஒரு சேர்க்கை. படத்தைச் சுற்றி ஈசல் பிளேடு மறைத்த ஓரம் தானாகவே கறுப்பாக வரும். லைட்பாக்ஸுக்கு அது தோதுதான், ஓரத்தில் ஒளி பிதுங்காது. நான்கு பக்கமும் 1 செ.மீ. விட்டே ஃபிரேம் செய்யுங்கள். அந்த ஓரத்தை வெட்டி எறியாமல் வைத்தால் ஒவ்வொரு தாளிலும் அதுவே உங்கள் கறுப்புத் துண்டு: அடுத்த மாதம் ஏதாவது சாயல் வந்தால் முதலில் பழைய ஓரத்தையும் புது ஓரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மீதி ரோலை இரட்டைக் கறுப்புக் கவரில் போட்டு, வாயை டேப் போட்டு மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள், ரோல் என்றால் நான்கு மணி நேரமாவது அறைச் சூட்டுக்கு வரட்டும். இல்லாவிட்டால் உள்ளே வியர்த்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.